கம்புக்கு மட்டும் டிக்கெட்

ஆடி 15, வியாழன். மதுரை

திருப்பூரில் பஸ் ஏறும்போது தூறல். ஆரப்பாளையத்தில் இறங்கும்போது புழுதி. ஆடிக் காற்று தெருவைப் பெருக்கி நேராக நம் கண்ணில் கொட்டுகிறது. கையில் ஏழு புதுச் சிலம்பக் கம்புகள், பழைய நூல் சேலையில் சுற்றி மூன்று இடத்தில் முடிச்சுப் போட்டது. கூட இரண்டு மாணவிகள். பெரியவள் பதினோராம் வகுப்பு, அளந்துதான் பேசுவாள். சின்னவள் எட்டாம் வகுப்பு, அளக்கும் பழக்கமே கிடையாது. இருவரும் என்னை ‘மாஸ்டரக்கா’ என்று கூப்பிடுவார்கள். எந்த இலக்கணத்திலும் சேராத சொல். கேட்டுக் கேட்டு எனக்குப் பிடித்துவிட்டது.

எதற்காக இந்தப் பயணம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதினாறு வருடமாகத் திருப்பூரில் சிலம்பம் சொல்லித் தருகிறேன். நான் கற்றது மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்து நெற்களத்தில், 1995-இல் தொடங்கி ஒன்பது வருடம். வாத்தியாருக்கு இப்போது 78 வயது. கண் அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டோடு இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். போய்க் காலில் விழுந்து, தாம்பூலம் வைத்து, முறையாக நன்றி சொல்லிவிட்டு வர வேண்டும் என்பது பழைய ஆசை. ‘போக வேண்டும், போக வேண்டும்’ என்று வருடாவருடம் எல்லாரிடமும் சொன்னதில், போய் வந்துவிட்ட மாதிரியே ஒரு திருப்தி வந்திருந்தது. அடுத்த மாதம் பிள்ளைகளுக்குப் போட்டி. புதுக் கம்பை வாத்தியார் கையால் வாங்கிக் கொடுக்கலாம் என்று ஒரு சாக்குக் கிடைத்ததும் கிளம்பிவிட்டேன்.

விடுதி அறை 1,300 ரூபாய். வெந்நீர் காலை ஆறு முதல் எட்டு வரை என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். எந்த நாளின் காலை என்று எழுதவில்லை.

சாயங்காலம் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. சுண்டக் காய்ச்சிய பால், ஊறிய பாதாம் பிசின், நன்னாரி, மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம், 40 ரூபாய். சின்னவள் பிசினைக் கரண்டியில் தூக்கிப் பார்த்து, “இது உயிரோடு இருக்கிறதா?” என்று கேட்டாள். கடைக்காரர் கொஞ்சமும் சிரிக்காமல், “குடித்த பிறகு உனக்குள் இருக்கும், பாப்பா” என்றார்.

இரவு பரோட்டா. கல்லின் மேல் கொத்துப் பரோட்டா அடித்துக்கொண்டிருந்தவரைப் பெரியவள் வெகுநேரம் பார்த்தாள். “மணிக்கட்டு நன்றாகத் திரும்புகிறது” என்றாள். அன்றைக்கு அவள் பேசிய முழு வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர், சுவரில் சாய்த்து வைத்த கட்டைப் பார்த்துவிட்டு, “கம்பா?” என்றார். வெளியூரில் என்றால் அடுத்த கேள்வி, ‘இதற்குச் சான்றிதழ் உண்டா?’ என்று வரும். இவர், “வாத்தியார் யார்?” என்று கேட்டார். ஊரைச் சொன்னேன். “அந்தப் பக்கத்து ஆட்கள் தாழ்ந்து நின்று ஆடுவார்களே” என்று சொல்லிவிட்டுத் தன் எலும்புக் குழம்பு வாளியை எங்கள் பக்கம் தள்ளிவைத்தார். வேறு பேச்சு இல்லை. கை கழுவிக்கொண்டு போய்விட்டார். முப்பது வருடத்துக்கு முன் ஒரு களத்தில் கற்ற நிற்கும் விதத்துக்கு இன்றைக்கு ஒரு வாளி குழம்பு.

ஆடி 16, வெள்ளி. அழகர்கோவில் வழியாக

விடியற்காலையில் மாட்டுத்தாவணி பூச்சந்தை. ஆடியில் கல்யாணம் கிடையாது, மல்லிகை மலிவாக இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஆடி வெள்ளி என்று ஒன்று இருப்பதைக் கணக்கில் விட்டுவிட்டேன். பூக்காரம்மா என் முகத்தைப் பார்த்து, “மாரியம்மனிடம் போய்க் குறைக்கச் சொல்லுங்கள்” என்றார். மூன்று முழம் வாங்கினேன். வெற்றிலை மட்டும் சோழவந்தான் வெற்றிலையாக வேண்டும் என்று தேடி, ஒரு கவுளி எடுத்தேன். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த வெற்றிலை என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். வாத்தியாருக்கு அது தெரியாது. ஆனால் வேறு வெற்றிலையைக் கொடுத்தால் முகர்ந்து பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். வேட்டி, துண்டு, பாக்கு, ஒரு சீப்பு நாட்டுப்பழம். தாம்பூலப் பை நிறைந்தது.

அழகர்கோவிலுக்கு நகரப் பேருந்து. சாதாரணப் பேருந்தில் 2021-இலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நடத்துநர் எங்களைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார். “உங்கள் மூன்று பேருக்கும் இலவசம். கம்புக்கு டிக்கெட் உண்டு” என்றார். சின்னவள் விடுவாளா? “இதுவும் பெண்கள் கம்புதான், அண்ணா.” பேருந்தே சிரித்தது. அவரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே சுமைக் கட்டணத்தைக் கிழித்துக் கொடுத்தார்.

இந்தச் சாலையில் கள்ளந்திரி வரும் வரை வலமும் இடமும் பச்சை. அதைத் தாண்டிப் போகப் போகப் பச்சை வடிந்து தரிசும் பனையும் காற்றுமாக ஆகிவிடும். பெரியாற்றுத் தண்ணீர் வைகை வழியாக வந்து, பேரணையில் பிரிந்து, பிரதானக் கால்வாயில் ஓடிவருகிறது. கள்ளந்திரி வரை இருபோகம், வருடத்துக்கு இரண்டு விளைச்சல். அதற்கு அப்பால் மேலூர் வரை ஒருபோகம். 1895-இல் முல்லைப் பெரியாறு அணை கட்டிய காலத்துக் கதையெல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் கதை சின்னது: ஒருபோகக்காரர்களின் களம் வருடத்தில் பெரும்பகுதி சும்மா கிடக்கும். சும்மா கிடந்ததால்தான் எங்களுக்கு ஆடக் கிடைத்தது. தை பிறந்து அறுப்பு வந்துவிட்டால் களம் நெல்லுக்குப் போய்விடும். பையன்கள் ஊர் மந்தைக்குப் போவார்கள். நான் மட்டும் வாத்தியார் வீட்டுக் கொல்லைக்கு. மாட்டுக்கொட்டகைக்கும் வைக்கோல் படப்புக்கும் நடுவில் ஆறடி அகலம். கம்பு சுழற்ற இடமில்லை, காலடி மட்டும்தான். இரண்டு மாதம் வெறும் காலடி. அழுதிருக்கிறேன். பிறகு போட்டிகளில் என்னைக் காப்பாற்றியதெல்லாம் அந்த ஆறடிதான். இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், அடுத்த பத்தியில் என் மானம் போகப்போகிறது.

அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பரைக் கும்பிட்டோம். இங்கே கும்பிடுவது கதவைத்தான். ஆடிப் பௌர்ணமிக்கு அந்தக் கதவுக்குச் சந்தனம் சாத்துவார்கள். இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, கூட்டம் இல்லை. கம்புக் கட்டைப் படிக்கு எதிரே ஒரு நிமிடம் வைத்து எடுத்தேன். எடுத்து நிமிர்வதற்குள் ஒரு குரங்கு தாம்பூலப் பையைப் பிடித்துவிட்டது. பழச்சீப்பு தெரிந்திருக்கிறது. மாணவிகள் இருவரும் பார்க்கிறார்கள். பயிற்சியாளர் என்றால் சும்மா விட முடியுமா? கட்டோடு சேர்த்து ஒரு வீச்சு வீசினேன். குரங்கு அசையவில்லை. எனக்குத்தான் பின்கால் ஒரு கல் விளிம்பில் விழுந்து கணுக்கால் மடங்கிவிட்டது. பை கிழிந்தது. பழம் போயிற்று. வெற்றிலையை மோந்து பார்த்துக் கீழே போட்டுவிட்டு அது மதிலில் ஏறி உட்கார்ந்து உரிக்கத் தொடங்கியது. தோலை எங்கள் பக்கமே போட்டது.

பிரசாதக் கடையில் கோயில் தோசை வாங்கி மரத்தடியில் உட்கார்ந்து தின்றோம். உளுந்தும் மிளகும் நெய்யும் சேர்ந்த கனமான தோசை. ஒன்றை மூவர் பங்கிடலாம். காலையே பார்த்துக்கொண்டு தின்றேன். அது வீங்கிக்கொண்டே இருந்தது.

இனி பஸ் ஏறி இறங்க முடியாது. ஊருக்கு ஆட்டோ 350 ரூபாய் என்று பேசினோம். பேசும்போது நான் நொண்டுவதை ஓட்டுநர் பார்க்கவில்லை. பார்த்த பிறகு கூடக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் வழியில் ஒரு பெட்டிக்கடையில் நிறுத்தி, குளிர்ந்த தண்ணீர் பாக்கெட் நான்கு வாங்கி என் காலில் வைக்கச் சொன்னார். அதற்குக் காசு வாங்கவில்லை. அரிட்டாபட்டி மலைகள் தெரிந்தபோது, “இதைத் தோண்ட வந்தார்களே, தெரியுமா?” என்று சின்னவளிடம் ஆரம்பித்தார். டங்ஸ்டன் சுரங்க ஏலம், ஊர் ஊராகத் திரண்டது, மேலூரிலிருந்து மதுரைக்குப் பேரணி போனது, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது என்று இறங்கும் வரை சொன்னார். நடந்தவர்களில் அவரும் ஒருவர்.

வாத்தியார் திண்ணையில் இருந்தார். கறுப்புக் கண்ணாடி. நான் நொண்டி நொண்டிப் படியேறுவதைச் செவியாலேயே கேட்டிருக்கிறார். “யார் அடித்தது?” என்றார்.

“குரங்கு, ஐயா.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “கம்பைப் பார்த்தாயா, காலடியைப் பார்த்தாயா?”

பதில் சொல்லவில்லை. சின்னவள் எனக்காகச் சொன்னாள்: “குரங்கைப் பார்த்தார்கள், தாத்தா.”

ஆடி 17, சனி. ஊர்

இந்த ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று அத்தை சொல்லியிருக்கிறார். அத்தை என்பது வாத்தியாரின் மனைவி. உறவில்லை, பதினோரு வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறேன். நேற்று இரவே புளியும் உப்பும் கரைத்துக் கொதிக்க வைத்து, சூடு பொறுக்கும் பதத்தில் கணுக்காலில் பற்றுப் போட்டுவிட்டார். “நாற்பது வயதில் குரங்கோடு என்ன சண்டை, தாயி” என்று கேட்டுக்கொண்டே போட்டார். காலையில் வீக்கம் பாதியாக வடிந்திருந்தது.

ஐந்து மணிக்குக் களத்துக்குப் போனோம். அறுவடை இயந்திரம் வந்த பிறகு களத்துக்கு வேலை குறைந்துவிட்டதாம். சிமெண்டுத் தரை போட்டிருக்கிறார்கள். நடுவில் கரியால் வரைந்த ஸ்டம்பு. ஓரத்துப் புளியமரம் அப்படியே நிற்கிறது. நான் நிற்க மட்டும் செய்தேன். பிள்ளைகள் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டு ஆடினார்கள். வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். காற்று சுழன்று அடித்தது. இந்தக் காற்றில் கம்பை முழு நீளத்துக்குப் பிடித்தால் கை இழுபடும். பெரியவள் தானாகவே பிடியைக் குறுக்கிக்கொண்டாள். நான் சொல்லித் தந்ததில்லை. வாத்தியார், “இரண்டாவது பிள்ளை கம்பு மூச்சு வாங்குகிறது. முதல் பிள்ளை கம்பு பேசுகிறது” என்றார். சின்னவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. பெரியவள் காது சிவந்தாள்.

பிறகு தாம்பூலம். வேட்டியை நெஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டு மடியில் போட்டுக்கொண்டார். வெற்றிலையை எடுத்துக்கொண்டார். பல் இல்லை, சின்ன இடிஉரலில் போட்டு இடித்துத்தான் மெல்லுகிறார். தட்டில் வைத்த 5,001 ரூபாயில் ஒரு ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை என் பக்கம் தள்ளினார். “உன் பிள்ளைகளில் கம்பு வாங்க முடியாதது எத்தனை?” எட்டு என்றேன். “அப்புறம் என்ன?”

எவ்வளவோ பேச வேண்டும் என்று எண்ணிக்கொண்டு வந்திருந்தேன். பேருந்திலேயே வாக்கியங்கள் அமைத்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. ஊர்க் கதை பேசினேன். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்கள் என்று சொன்னேன். “காட்சிக்குத்தானே? அது நம் ஊர்த் திருவிழாவிலேயே இருந்தது” என்றார். அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் வந்த பிறகு, பெற்றோர் முதல் நாளே சான்றிதழைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று குறைப்பட்டேன். அதற்கு அவர் என் பக்கம் பேசவில்லை. “கேட்கட்டும். சான்றிதழுக்கு என்று சொன்னால் பெண்பிள்ளையை அனுப்புகிறார்கள் அல்லவா? உன் அம்மா என்ன சொல்லி உன்னை அனுப்பினாள், நினைவிருக்கிறதா?”

நினைவிருக்கிறது. ‘வாத்தியார் வீட்டில் புளி கொட்டை எடுக்கப் போயிருக்கிறாள்’ என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அப்பா இறந்து அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போன காலம். பெண்பிள்ளை கம்பு எடுப்பதை ஊர் வாயில் போட்டு மென்றது. ஆனால் என்ன, தினமும் ஐந்து மணிக்கு நான் களத்துக்குப் போகும்போது அந்தப் புளியமரத்தடியில் அத்தை சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பார். மடியில் கல், கையில் சின்னச் சுத்தியல், டொக் டொக் என்று புளியங்கொட்டை தட்டும் சத்தம். அந்தச் சத்தத்துக்குத்தான் நான் அடியை எண்ணப் பழகினேன். மழைக் காலத்தில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டுகூடத் தட்டுவார். அவ்வளவு வேலை அவருக்கு.

சின்னவள் புளியமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “மாஸ்டரக்கா, புளி எந்த மாதம் பழுக்கும்?”

“மாசி, பங்குனி.”

“மழைக் காலத்தில் எப்படிப் புளி தட்டினார்கள்?”

திருப்பூர்ப் பிள்ளை. பனியன் கம்பெனி குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். புளியமரத்தையே பாடப் புத்தகத்தில் பார்த்தவள். நான் இந்த ஊரில் பிறந்தவள். முப்பது வருடத்தில் ஒரு நாளும் எனக்கு அது தோன்றவில்லை.

அத்தை அப்போது திண்ணை ஓரத்தில் காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் சிரித்தார். “புளி ஏது? சித்திரையோடு தீர்ந்துவிடும். அதே கொட்டையைத்தான் தட்டிக்கொண்டிருந்தேன்.”

“எதற்கு, அத்தை?”

“இருட்டில் ஆம்பிளைகள் நடுவில் ஒரு பெண்பிள்ளை நிற்கிறது. பக்கத்தில் இன்னொரு பொம்பிளை இருக்கிறாள் என்று தெருவுக்குத் தெரிய வேண்டாமா? உட்கார்ந்திருந்தால் யாருக்குத் தெரியும்? சத்தம் கேட்க வேண்டும்.” சொல்லிவிட்டுத் தம்ளர்களோடு உள்ளே போய்விட்டார்.

வாத்தியார் உரலை இடித்துக்கொண்டே இருந்தார். அவருக்கு இது புதிய செய்தி இல்லை.

அத்தைக்கு என்று நான் ஒரு ரவிக்கைத் துணிகூட எடுத்து வரவில்லை. மூன்று முழம் பூ மட்டும். அதுவும் நேற்று ஆட்டோவில் நசுங்கிப் பழுத்துவிட்டது. இதை எழுதும்போதுகூடக் கூசுகிறது. பயிற்சி வகுப்பில் ஒவ்வொரு வருடமும் குரு வணக்கம் நடத்துகிறேன். பூமாலை, படம், விளக்கு. அந்தப் படத்தில் வாத்தியார் மட்டும்தான் இருக்கிறார்.

சாயங்காலம் கம்பு கொடுக்கும் முறை. வாத்தியார் ஏழு கம்பையும் ஒவ்வொன்றாகத் தரையில் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். ஆறு தேறியது. ஏழாவதைத் தட்டிவிட்டு, “இதன் வயிற்றில் வெடிப்பு இருக்கிறது. பிள்ளை கையில் கொடுக்காதே” என்றார். கண்ணால் பார்த்தால் ஒரு கீறலும் இல்லை. ஒரு கம்பு 250 ரூபாய் என்று வாங்கியது. மீதி ஆறையும் நான் அத்தையிடம் கொண்டுபோய், “நீங்கள் எடுத்துக் கொடுங்கள்” என்றேன். “எனக்கு இதில் என்ன தெரியும், ஆத்தா?” என்று பின்வாங்கினார். வாத்தியார் திண்ணையிலிருந்தே, “கொடு” என்றார். அத்தை சமையலுக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, விறகு எடுத்துக் கொடுப்பது போல இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்றைச் சட்டென்று நீட்டிவிட்டு அடுப்படிக்கு ஓடிவிட்டார். வெடித்த கம்பை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். பங்குனியில் புளி உலுக்க ஆகுமாம்.

இரவு கம்மங்களியும் கருவாட்டுக் குழம்பும். சின்னவள் மூன்று உருண்டை.

ஆடி 18, ஞாயிறு. திரும்புகிறோம்

பதினெட்டாம் பெருக்கு. அத்தை விடியலிலேயே எலுமிச்சைச் சோறும் தயிர்ச்சோறும் கட்டிவிட்டார். கால் ஊன்ற முடிகிறது. விடைபெறும்போது வாத்தியார், “நொண்டிக்கொண்டே வகுப்பு எடுக்காதே, பிள்ளைகள் அதையும் கற்றுக்கொள்ளும்” என்றார். நான் அத்தையின் காலைத் தொட்டபோது அவர் என் தலையைத் தொடாமல் கணுக்காலைத் தொட்டு, அமுக்கி, வலிக்கிறதா என்று பார்த்தார்.

மேலூரில் மதுரைப் பேருந்து. நல்ல நெரிசல். என் மடியில் அத்தை கொடுத்த துணிப்பை, மூன்று கிலோ பழம்புளி. பெரியவள் பக்கத்தில் நின்றபடி தன் கம்பின் பிடியை முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். புளி வாசம் போகவில்லை. நடத்துநர் வந்தார். வேறு நடத்துநர், அதே வரி: “உங்களுக்கு இலவசம். கம்புக்கு டிக்கெட்.” வாங்கிக்கொண்டேன்.

“புளிக்கு?” என்று சின்னவள் கேட்டாள்.

அவர் பையைத் தூக்கி எடை பார்த்தார். “வீட்டுப் புளியா?”

“ஆமாம்” என்றேன்.

“மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அக்கா” என்று சொல்லிவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனார்.